முதல் பருவத் தாள்: பொது உளவியல்

உளவியல் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் பரவும். கனவு, ஆழ்மனம், ஆளுமை, மனநோய் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால் நரம்பணுவின் படமும் ஆய்வு முறைகளின் பட்டியலும் 1879 என்ற ஆண்டும் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளில் உளவியல் கிடையாது. ஆகவே மாணவர்கள் கொண்டுவருவது சினிமாவிலும் யூடியூபிலும் பார்த்த உளவியலைத்தான். அதற்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்து, தவறான படிப்பில் சேர்ந்துவிட்டோமோ என்று சிலர் கலங்குகிறார்கள். இரண்டாவது மாதம் வரையாவது பொறுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

இந்தத் தாள் மனித மனத்தைப் பற்றிய தகவல்களின் தொகுப்பு அல்ல. ஒவ்வொரு தகவலையும் பார்த்து "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குவதுதான் இதன் வேலை. மூளையில் நாம் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று எத்தனை மேடைப் பேச்சில் கேட்டிருப்பீர்கள்! உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது. மூளையின் எந்தப் பகுதியில் காயம் பட்டாலும் ஏதோ ஒரு திறன் பாதிக்கப்படுவதையும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்படி ஆதாரத்தை வைத்து ஒரு நம்பிக்கையை உடைத்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தாளின் பாதி உங்கள் கையில்.

பாடத்திட்டத்தை முதலில் பாருங்கள்

வகுப்பு தொடங்கியதும் துறை அலுவலகத்திலோ பல்கலைக்கழக இணையதளத்திலோ பாடத்திட்டத்தை எடுத்து, ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொதுவாக ஐந்து அலகுகள் இருக்கும். வரலாறும் முறைகளும், நடத்தையின் உயிரியல் அடிப்படை, புலன்களும் புலன்காட்சியும், கற்றல், நினைவு என்ற வரிசை பல இடங்களில் உண்டு. ஊக்கம், மனவெழுச்சி, நுண்ணறிவு, ஆளுமை ஆகியவை பெரும்பாலும் இரண்டாம் பருவத்துக்குப் போய்விடும். பி.எஸ்சி. உளவியல் மாணவருக்கு இது முதன்மைப் பாடம். சமூகப்பணி போன்ற துறைகளில் இதுவே துணைப்பாடமாக வரும். அங்கே சில இடங்களில் செய்முறை இருக்காது, அலகுகளும் சுருங்கியிருக்கும். சீனியரிடமிருந்து வாங்கும் நோட்ஸ் எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதை நம்பிப் படிக்க வேண்டாம்.

புத்தகங்களில் மார்கன், கிங் எழுதியதைப் பல ஆசிரியர்கள் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். விளக்கம் தெளிவாக இருக்கும், ஆனால் பழையது. சிக்கரெல்லி, பேரன், ஃபெல்ட்மேன் ஆகியோரின் புத்தகங்கள் புதிய ஆய்வுகளையும் சேர்த்துச் சொல்கின்றன. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். ஒன்றை முழுதாகப் படித்து, புரியாத இடத்துக்கு மட்டும் நூலகத்தில் இன்னொன்றைப் புரட்டினால் போதும். கையில் காசில்லையென்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட உளவியல் பாடநூலை இலவசமாகவே பதிவிறக்கலாம். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்து ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவர்கள், ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தோழிக்குத் தமிழில் அதைச் சொல்லிப் பாருங்கள். தடுக்கும் இடம்தான் புரியாத இடம். அகராதியோடு உட்கார்ந்து வரிவரியாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதை விட இது வேகமாகவும் நடக்கும், ஆழமாகவும் பதியும்.

வரலாற்றுப் பகுதியில் அதிகம் தங்க வேண்டாம். 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வகம் தொடங்கியது, 1890-இல் வில்லியம் ஜேம்ஸின் நூல் வந்தது, 1913-இல் வாட்சன் நடத்தையியலை அறிவித்தது, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1915-இல் ஆய்வகமும் 1916-இல் தனித்துறையும் ஏற்பட்டது. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஒரு சிந்தனைப் பள்ளி முந்தையதன் எந்தக் குறையைச் சுட்டிக்காட்டி எழுந்தது என்பதை மட்டும் கோவையாகச் சொல்லத் தெரிய வேண்டும். தன் மனத்தைத் தானே கவனித்துச் சொல்லும் அகநோக்கில் இருவர் இருவிதமாகச் சொன்னால் யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை என்பதால்தான் வாட்சன் வெளியே தெரியும் நடத்தையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு காரணம் தெரிந்தால் நான்கு பக்க வரலாறு தானாக நினைவில் நிற்கும்.

ஒரு சோதனையைப் படிக்கும் விதம்

ஆய்வு முறைகள் அலகைப் பலர் வரையறைகளாக மனப்பாடம் செய்கிறார்கள். சாரா மாறி என்றால் என்ன, சார்ந்த மாறி என்றால் என்ன என்று ஒப்பிப்பார்கள். புதிதாக ஒரு ஆய்வைக் காட்டி, இதில் எது எது என்று கேட்டால் விழிப்பார்கள். வரையறையை விட்டுவிட்டு ஒரே ஒரு சோதனையைப் பிடித்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பாருங்கள். அதற்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல தொடக்கம்.

45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் ஏழு சின்னப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு, கார்கள் ஒன்றோடொன்று மோதியபோது என்ன வேகத்தில் வந்திருக்கும் என்று கேட்டார்கள். கேள்வியில் அந்த ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. ஒரு குழுவிடம் "மோதி நொறுங்கியபோது" என்ற பொருள்படும் சொல், இன்னொரு குழுவிடம் "தொட்டுக்கொண்டபோது" என்ற பொருள்படும் சொல். முதல் குழு சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40.5 மைல், மற்றது சொன்னது 31.8 மைல். படம் ஒன்றே, கேள்வியின் ஒரு சொல்தான் வேறு.

இங்கே ஆய்வாளர் மாற்றியது வினைச்சொல்; அது சாரா மாறி. அளந்தது மாணவர் சொன்ன வேகம். அது சார்ந்த மாறி. ஆனால் ஒரு ஐயம் எழ வேண்டும். நினைவே மாறிவிட்டதா, அல்லது கேள்வி கேட்டவரின் தொனிக்கு ஏற்றபடி பதிலை மட்டும் கூட்டிச் சொன்னார்களா? லாஃப்டஸுக்கும் அதே ஐயம் வந்தது. அதனால் 150 மாணவர்களை வைத்து இரண்டாம் சோதனை நடத்தினார்கள். 50 பேரிடம் "நொறுங்கிய" என்ற சொல்லோடு கேள்வி, 50 பேரிடம் "இடித்த" என்ற சொல்லோடு கேள்வி, மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரையும் அழைத்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் குழுவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 6 பேர். அந்த மூன்றாவது குழு இல்லாவிட்டால் எண்களுக்குப் பொருளே இருக்காது. எதுவும் கேட்கப்படாதவர்களிலேயே 6 பேர் இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்பதால்தான் 7 என்பது பெரிதல்ல, 16 என்பது பெரிது என்று நமக்குத் தெரிகிறது. கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்ற கேள்விக்கு இதை விடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை.

புத்தகத்தில் வரும் ஒவ்வொரு ஆய்வுக்கும் இப்படி நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், யாரை வைத்து, வேறு விளக்கம் இருக்க முடியுமா. கடைசிக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் அச்சானதாலேயே ஒரு முடிவு நிலைத்துவிடாது. 2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்ப நடத்திப் பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் மறுபடியும் தெளிவான விளைவு கிடைத்தது. இதைக் கேட்டு இந்தத் துறையே பொய் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. தன் முடிவுகளைத் தானே சோதித்து, தேறாததை வெளிப்படையாகச் சொல்லும் துறையைப் படிக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமிதமே வருகிறது.

உயிரியலும் ஆய்வகமும் சேரும் இடம்

கலைப்பிரிவிலிருந்து வந்தவர்களை மிரட்டுவது உயிரியல் அலகு. நரம்பணுவையும் மூளையின் நான்கு மடல்களையும் தினம் ஒருமுறை புத்தகம் பார்க்காமல் வரைந்தால் பத்து நாளில் அந்தப் பயம் போய்விடும். தேர்விலும் படம் வரைந்து பாகம் குறித்தவருக்கு மதிப்பெண் தாராளமாக விழும். பெயர்களைத் தனியாக உருப்போடாமல் மனிதர்களோடு சேர்த்துப் படியுங்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பெயரைப் பலமுறை எழுதிப் பார்ப்பதை விட, ஹென்றி மோலைசன் என்ற மனிதரைத் தெரிந்துகொள்வது நல்லது.

மோலைசனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல், அவருக்கு 27 வயதானபோது, அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவர் மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுமடலின் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு, அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆளாகவே தெரிவார். அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஒருநாள் அவர் முன்னால் இரட்டைக் கோட்டில் அச்சிட்ட நட்சத்திரத்தை வைத்து, கையை நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக் கோடுகளுக்கு இடையே வரையச் சொன்னார். மூன்று நாட்கள், நாளுக்குப் பத்துமுறை. ஒவ்வொரு நாளும் மோலைசன் அந்த வேலையை முதன்முதலாகச் செய்வதாகவே நினைத்தார். கையோ நாளுக்கு நாள் தேறி, மூன்றாம் நாளில் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. செய்ததை நினைவுகொள்வதும் செய்யப் பழகுவதும் மூளையில் ஒரே இடத்து வேலை அல்ல என்று அந்தக் காகித நட்சத்திரம் காட்டியது. மோலைசன் 2008-இல் இறக்கும் வரை பாடநூல்கள் அவரை எச்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டன.

உங்கள் கல்லூரி ஆய்வகத்து மர அலமாரியிலும் அந்த நட்சத்திரம் இருக்கக்கூடும். கண்ணாடி வழி வரைதல் பல கல்லூரிகளில் முதலாண்டுச் செய்முறை. உலோகத் தட்டில் வெட்டிய நட்சத்திரப் பாதை, செங்குத்தாக நிற்கும் கண்ணாடி, கையை மறைக்கும் தடுப்பு, ஓரத்தில் உரசினால் எண்ணிக்கொள்ளும் கருவி. முதல் முயற்சியில் எல்லாருக்குமே கை மூலையில் சிக்கி நடுங்கும். மேலே போக நினைத்தால் கீழே இழுக்கும். இடது கையால் ஒருமுறை, வலது கையால் பல முறை, மீண்டும் இடது கையால் ஒருமுறை என்று செய்யச் சொல்லி, பழகாத கையும் தேறியிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. மோலைசனைப் பற்றிப் படித்துவிட்டு இந்தச் செய்முறைக்கு உட்காரும் மாணவரின் ரெக்கார்டைப் படித்தாலே தெரிந்துவிடும். விவாதப் பகுதியில் அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கும்.

முல்லர்-லயர் காட்சிப்பிழைப் பலகையும் அநேகமாக உண்டு. அம்புமுனை உள்ள கோடு நிலையானது, இறகுமுனை உள்ள கோட்டை இழுத்து நீட்டலாம், குறைக்கலாம். இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் சப்ஜெக்ட் (சோதனைக்கு உட்படுபவர்) நிறுத்த வேண்டும், பின்பக்க அளவுகோலில் மில்லிமீட்டரில் பிழையைக் குறிக்க வேண்டும். பாதி முயற்சிகளைக் குறுகிய நிலையிலிருந்தும் பாதியை நீண்ட நிலையிலிருந்தும் தொடங்கச் சொல்வதும், பலகையை இடம் வலமாகத் திருப்பி வைப்பதும் ஏன் என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். கையை நகர்த்தும் திசையாலும் பார்க்கும் பக்கத்தாலும் வரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டத்தான். சமம் என்று முன்பே தெரிந்தவருக்கும் கண் ஏமாறும் என்பதை வீட்டில் ஒரு தாளில் வரைந்து உங்கள் அம்மாவிடம் காட்டியே தெரிந்துகொள்ளலாம்.

ரெக்கார்டு எழுதும்போது ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கருதுகோளுக்கு எதிராக முடிவு வந்தால் எண்களை மாற்றி எழுதாதீர்கள். முடிவு நன்றாக வரவில்லை என்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எண்களைப் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கிடைத்ததை அப்படியே எழுதி, வெளியே சத்தம் இருந்தது, சப்ஜெக்டுக்குக் கண்ணாடியில் வரையும் பழக்கம் முன்பே இருந்தது, ஒரே ஆளை வைத்துப் பொதுமுடிவு சொல்ல இயலாது என்று காரணத்தை ஆராயுங்கள். சப்ஜெக்டின் அகநோக்கு அறிக்கையை அவர் சொன்ன சொற்களிலேயே வாங்கி எழுதுங்கள்; எல்லா ரெக்கார்டிலும் ஒரே வாக்கியம் இருந்தால் ஆசிரியருக்குத் தெரியாமல் போகாது. சப்ஜெக்டாக வருபவர் உங்கள் விடுதித் தோழராகவே இருந்தாலும், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, விருப்பமில்லையென்றால் எழுந்து போகலாம் என்றும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவர் எடுத்த மதிப்பெண்ணை மெஸ்ஸில் உட்கார்ந்து பேசக் கூடாது.

கற்றல் அலகில் வழுக்கும் இடம்

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வலுவூட்டல் என்றாலே ஒரு நடத்தை கூடுகிறது, தண்டனை என்றால் குறைகிறது. தலைவலிக்கும்போது தைலம் தடவுகிறீர்கள், வலி அடங்குகிறது, அடுத்தமுறை வலித்தால் கை தானாகத் தைலத்தைத் தேடுகிறது. வேதனை ஒன்று நீங்கியதால் தடவும் பழக்கம் கூடியது; இது எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் இல்லாமல் போய் அபராதம் கட்டியவர் அப்படிப் போவதைக் குறைத்தால் அது தண்டனை. முதலில் நடத்தை கூடியதா குறைந்ததா என்று பாருங்கள், பிறகு எதையாவது கொடுத்தார்களா எடுத்தார்களா என்று பாருங்கள். இந்த வரிசையில் கேட்டால் குழப்பம் வராது.

நினைவு அலகைத் தள்ளிப் போடாதீர்கள்

இந்த அலகு ஐந்தாவதாக இருந்தாலும் முதலில் படித்துவிடுவது நல்லது. வேறு எந்தப் பாடமும் தன்னைத் தானே படிக்கும் வழியைச் சொல்லித் தருவதில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சப்ஜெக்டாக வைத்து, பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, மறதி எப்படி நடக்கிறது என்று 1885-இல் எழுதினார். படித்த உடனே மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இடைவெளி விட்டுப் படித்தது ஒரே மூச்சில் படித்ததை விட நிற்கும்.

2006-இல் ரோடிகரும் கார்பிக்கேயும் கல்லூரி மாணவர்களை வைத்து இன்னொன்றைச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரு பகுதியைப் படித்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் தாளை மூடி வைத்து நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: மறுபடி படித்தவர்களிடம் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. தேர்வுக்கு முந்தைய இரவு மஞ்சள் மார்க்கரோடு புத்தகத்தைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும், பருவத் தேர்வு மேசையில் வெறுமையாக உட்காருவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே வகுப்பு முடிந்த அன்று மாலை, நோட்டைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அதே தலைப்பை மூன்று நாள் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் இப்படியே செய்யுங்கள். இன்டர்னல் தேர்வுகளைச் சுமையாக நினைக்காமல் இதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் வரையறையை இரண்டு வரியில் முடித்துவிட்டு ஆய்வுக்குப் போய்விடுங்கள். ஆய்வு, முடிவு, அதன் குறை, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு என்று எழுதும் விடை தனியாகத் தெரியும்.

நோய்ப் பெயர்களும் மனிதர்களும்

படிக்கத் தொடங்கிய சில மாதத்தில் கண்ணில் படும் அறிகுறிகள் எல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றுவது இயல்பு. மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும். அதைவிட வருத்தம் தருவது, சித்தப்பாவை பைபோலார் என்றும் தோழியை ஓசிடி என்றும் சொல்லிக்கொண்டு திரிவது. முதல் பருவத் தாள் யாருடைய நோயையும் கண்டறியும் தகுதியைத் தராது. அந்தப் பெயர்களோடு உண்மையாகவே வாழ்பவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், அவர்கள் காதில் விழும்.

உங்களுக்கே தூக்கமின்மையோ தொடர்ந்த துயரமோ இருந்தால், பாடப்புத்தகத்தில் விடை தேடிக்கொண்டிருக்காமல் கல்லூரி ஆலோசகரிடம் பேசுங்கள். டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இயங்கும் இலவச அரசுச் சேவை, தமிழிலும் பேசலாம்.

அடுத்து என்ன

பி.எஸ்சி. முடித்தவுடன் பலகை மாட்டிக்கொள்ள முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மருந்து எழுதும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு மேற்படிப்பு முடித்தவர். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு, 1992 சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பை முடித்து அதில் பதிவும் செய்ய வேண்டும். எந்தப் படிப்புகள் ஏற்கப்படுகின்றன என்ற விதிகள் அண்மையில் மாறிவருகின்றன. ஏஜென்சி விளம்பரத்தை நம்பாமல் குழுமத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பள்ளி ஆலோசனை, நிறுவனங்களின் மனிதவளம், ஆய்வு என்று வேறு வழிகளும் உண்டு.

எந்த வழியில் போனாலும் புள்ளியியல் கூடவே வரும். அடுத்த பருவத்திலோ அதற்கடுத்த பருவத்திலோ அந்தத் தாள் வந்து பலரை அரியரில் தள்ளும். முதல் பருவ விடுமுறையில் ரெக்கார்டைத் திறந்து, உங்கள் வகுப்பில் பத்துப் பேருடைய முல்லர்-லயர் பிழைகளை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி, சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கையாலேயே கணக்கிடுங்கள். சூத்திரம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருப்பதுதான். அது மறந்துபோனவர்கள் துறை நூலகத்தில் கேரட் எழுதிய புள்ளியியல் நூலைக் கேளுங்கள், முதல் சில அத்தியாயங்கள் போதும்.